படித்து முடித்தவர்களுக்கு இன்னும் என்ன பாடம்?

எங்கள் பொது மருத்துவப் பிரிவின் வாயிலில், நோயாளிகளும் உறவினர்களும் தங்கள் கருத்துகளை எழுதிப் போடுவதற்கென ஒரு பெட்டி வைக்கப்பட்டுள்ளது. மாதத்தின் கடைசி வாரத்தில் அதைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் படிப்பது எங்கள் வழக்கம். குடிநீர், கழிப்பறை, மருந்தகத்தில் நீளும் வரிசை ஆகியவை பற்றிய குறைகளே பெரும்பாலும் இருக்கும். சென்ற மாதம் கிடைத்த தாள்களுள் ஒன்று வேறு வகையானது. நீரிழிவு நோயுள்ள மனைவியை அழைத்துக்கொண்டு, இரண்டு பேருந்துகள் மாறி, ஒரு புதன்கிழமை பிற்பகல் இங்கு வந்து சேர்ந்த ஒருவர் எழுதியது. ‘மருத்துவர்களின் கல்விக் கூட்டம் நடைபெறுவதால் 2 மணி முதல் 4 மணி வரை புறநோயாளிகள் பிரிவு இயங்காது’ என்ற அறிவிப்பைக் கதவில் கண்டு, மனைவியுடன் பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்திருக்கிறார். பிறகு இப்படி எழுதியிருக்கிறார்: “படித்து முடித்துத்தானே டாக்டர் ஆனார்கள்? இன்னும் என்ன பாடம்? பாடம் முடியாதவர்களிடமா இத்தனை நாள் வைத்தியம் பார்த்துக்கொண்டோம்?”

அவர் தம் பெயரை எழுதவில்லை. காத்திருக்க நேர்ந்ததற்காக அவரிடமும் அவர் துணைவியாரிடமும் முதலில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம். அவர் கேட்ட கேள்வி நேர்மையானது. வாய்விட்டுக் கேட்காமல் மனத்தில் வைத்திருப்போர் பலர் இருக்கக்கூடும். ஆகவே அதற்கான விடையை இந்த இதழில் எல்லோருக்குமாக எழுதுகிறோம். அவ்விடையில் எங்களுக்குப் பெருமை தராத ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்வதே முறை.

பட்டம் பெற்ற நாளும் இன்றைய நாளும்

எம்.பி.பி.எஸ். படிப்பு, பயிற்சி மருத்துவராகப் பணியாற்றும் ஓராண்டையும் சேர்த்து, ஐந்தரை ஆண்டுகள். அதன்பின் எம்.டி. பட்டத்திற்கு 3 ஆண்டுகள். எங்கள் பிரிவின் மூத்த மருத்துவர்கள் அந்தத் தேர்வை எழுதி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. அன்று நாங்கள் கற்றவற்றுள் உடற்கூறு மாறவில்லை. நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் முறை மாறவில்லை. ஆனால் எந்த நோய்க்கு எந்த மருந்து, யாருக்கு, எவ்வளவு காலம் என்ற விடைகள் பல இடங்களில் மாறிவிட்டன.

அண்மையில் எங்கள் அறையில் அடிக்கடி எழும் ஒரு வினாவையே எடுத்துக்கொள்ளலாம். “எனக்குச் சர்க்கரை நோயே இல்லையே, சர்க்கரை மாத்திரையை ஏன் எழுதியிருக்கிறீர்கள்?” என்று இதயச் செயலிழப்பு நோயாளிகள் கேட்கிறார்கள். டாபாகிளிஃப்ளோசின் என்ற மருந்து நீரிழிவுக்கென்றே உருவாக்கப்பட்டது. இதயத்தின் இரத்தம் இறைக்கும் ஆற்றல் குறைந்தவர்களிடம், நோய் முற்றுவதையும் இதய நோயால் நேரும் இறப்பையும் அது குறைக்கிறது என்று 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. நீரிழிவு இல்லாதவர்களுக்கும் அந்தப் பயன் கிடைத்தது. நாங்கள் எம்.டி. தேர்வு எழுதியபோது இப்படி ஒரு விடையை எவரேனும் எழுதியிருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்காது.

மருத்துவத்தில் புதியதைக் கற்பது ஒரு பாதி வேலை. பழையதைக் கைவிடுவது மறுபாதி, அதுவே கடினமானது. இதற்கு நம் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. 1950-களில் காசநோய் என்றால் நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, நல்ல காற்றும் நல்ல உணவும் முழு ஓய்வும் கிடைக்கும் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்திருப்பதே சிறந்தது என்று மருத்துவ உலகம் நம்பியது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் அந்த நம்பிக்கையைச் சோதித்தது. நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டனர். மற்றொரு பகுதியினர் நெருக்கமான ஏழை வீடுகளில் தங்கள் குடும்பத்தோடு இருந்தபடியே அதே மாத்திரைகளை ஓராண்டு உட்கொண்டனர். 1959-இல் வெளியான முடிவின்படி, இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் தங்கிய நோயாளிகளால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் நேரவில்லை. குணப்படுத்தியவை மாத்திரைகளே என்பது தெளிவாயிற்று.

ஆயினும் உலகெங்கும் சானடோரியங்கள் மறுநாளே மூடப்படவில்லை. ஆய்வின் முடிவு அச்சாவதற்கும், அது ஒவ்வொரு மருத்துவரின் மருந்துச் சீட்டுக்கு வந்து சேர்வதற்கும் நடுவே நீண்ட தொலைவு இருக்கிறது. அந்தத் தொலைவைக் குறைக்கும் முயற்சிக்குத்தான் தொடர் மருத்துவக் கல்வி என்று பெயர். அதைக் குறைக்கத் தவறினால் என்ன நேரும் என்பதை எங்களுக்குக் கற்பித்தவர் ஒரு பெரியவர்.

ஒரு மாத்திரையின் கதை

குடும்பத்தாரின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் வந்துகொண்டிருந்த அவருக்கு அப்போது வயது 74. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருந்தன. இரண்டும் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தன. மாரடைப்போ பக்கவாதமோ அவருக்கு ஒருபோதும் வந்ததில்லை. மூன்று மாதத்திற்கு ஒருமுறை தவறாமல் வருவார். மருந்துச் சீட்டில் இருந்த ஐந்து மாத்திரைகளுள் ஒன்று 75 மில்லிகிராம் ஆஸ்பிரின். மாரடைப்பு வராமல் தடுக்கும் என்ற நோக்கில், அறுபது வயதைக் கடந்தவுடன் வேறொரு மருத்துவர் அதைத் தொடங்கியிருந்தார். அக்காலத்தில் அது பரவலான வழக்கம். நாங்களும் பலருக்கு அவ்வாறு எழுதியிருக்கிறோம்.

ஒருநாள் இரவு அவர் கழிப்பறையில் மயங்கி விழுந்தார். மகள் அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்தார். இரண்டு நாட்களாக மலம் தார்போலக் கறுத்துப் போனதை, பார்வைக் குறைவால் பெரியவர் கவனிக்கவில்லை. ஹீமோகுளோபின் 6 கிராமுக்கு இறங்கியிருந்தது. எண்டோஸ்கோபியில், சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் இருந்த ஒரு புண்ணிலிருந்து இரத்தம் கசிவது தெரிந்தது. கிளிப் பொருத்திக் கசிவை நிறுத்தினார்கள். மூன்று யூனிட் இரத்தம் ஏற்றப்பட்டது. இரண்டு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து அவர் மீண்டார்.

புண்ணுக்கு இரண்டு காரணங்கள் தெரியவந்தன. ஒன்று ஆஸ்பிரின். மற்றொன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்கிருமி. குடற்புண்ணுக்கு மனக்கவலையும் காரமும் அமிலமுமே காரணம் என்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர்களான ராபின் வாரனும் பாரி மார்ஷலும், ஒரு கிருமியே பெரும்பாலான குடற்புண்களுக்குக் காரணம் என்று 1980-களின் தொடக்கத்தில் கூறியபோது பலர் நம்ப மறுத்தனர். மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, தம் இரைப்பை அழற்சியுற்றதைக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களின் கண்டுபிடிப்பால், எங்கள் பெரியவரின் கிருமித் தொற்றை 14 நாள் மருந்தில் ஒழிக்க முடிந்தது.

ஆஸ்பிரின் விஷயத்தில் எங்களிடம் அத்தகைய நல்ல செய்தி இல்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில், “இனி இந்த மாத்திரை வேண்டாம்” என்று சொல்லிச் சீட்டில் அதை அடித்தோம். மகள் கேட்டார்: “வேண்டாம்னு இப்பத்தான் தெரிஞ்சுதா டாக்டர், இல்ல முன்னாடியே தெரியுமா?”

முன்பே தெரியும் என்பதுதான் உண்மை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,000-க்கும் மேற்பட்ட முதியவர்களை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியாகியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் 70 வயதைக் கடந்தவர்கள். இதய நோய் இல்லாதவர்கள். தினமும் ஆஸ்பிரின் உட்கொண்டதால் அவர்களின் ஆரோக்கியமான வாழ்நாள் நீளவில்லை. மாறாக, ஆஸ்பிரின் பெற்றவர்களில் 3.8 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் கடுமையான இரத்தக்கசிவு ஏற்பட்டது. 2019 மார்ச் மாதத்தில் அமெரிக்க இதயநோய் மருத்துவ அமைப்புகள், 70 வயதுக்கு மேற்பட்ட, இதய நோய் இல்லாதவர்களுக்கு வழக்கமாக ஆஸ்பிரின் தர வேண்டாம் என்று அறிவுறுத்தின. எங்கள் பெரியவருக்கு இரத்தக்கசிவு நேர்ந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் எட்டு முறை எங்களிடம் வந்திருந்தார். எட்டு முறையும் சர்க்கரையைப் பார்த்தோம். இரத்த அழுத்தத்தைப் பார்த்தோம். இரண்டும் நன்றாக இருந்ததால் பழைய சீட்டை அப்படியே மீண்டும் எழுதிக் கொடுத்தோம். எங்களுள் சிலர் அந்த ஆய்வைப் படித்தும் இருந்தோம். படித்தது ஓரிடத்திலும் சீட்டு வேறிடத்திலும் இருந்தன. இதை மகளிடம் ஒளிக்காமல் சொன்னோம். மன்னிப்பும் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப மத்தவங்க சீட்டையாவது பாருங்க டாக்டர்” என்றார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை மிக அவசியம். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர்கள், பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு ஆஸ்பிரின் பெரும்பாலும் உயிர்காக்கும் மருந்து. அத்தகையோர் திடீரென அதை நிறுத்தினால் ஸ்டென்டில் இரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். ஐயம் இருப்பின், சீட்டோடு வந்து கேளுங்கள்.

புதன்கிழமை அறைக்குள் நடப்பது

அந்த மகள் சொன்னதைத்தான் அடுத்த புதன்கிழமை செய்தோம். 70 வயதைக் கடந்தவர்களின் மருத்துவப் பதிவேடுகளில் நூற்றை எடுத்துவைத்து, ஆஸ்பிரின் யாருக்கு இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். காரணம் எழுதப்படாமலே மாத்திரை தொடர்ந்தவர் அந்தப் பெரியவர் ஒருவர் மட்டும் அல்லர். அப்படிப்பட்டவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசினோம். சிலருக்கு நிறுத்தினோம். சிலருக்குப் பழைய ஸ்டென்ட் இருந்தும் பதிவேட்டில் குறிப்பு விடுபட்டிருந்தது. அவர்களுக்குத் தொடரச் சொல்லிக் காரணத்தை எழுதிவைத்தோம்.

தொடர் கல்வி என்றதும் பெரிய அரங்கில் ஒருவர் திரையில் படங்காட்டிப் பேச, மற்றவர்கள் கேட்டுவிட்டு மதிய உணவுக்குக் கலைவது பலருக்கு நினைவு வரலாம். அத்தகைய கூட்டங்களும் உண்டு, நாங்களும் சென்றிருக்கிறோம். ஆனால் வெறும் சொற்பொழிவு மருத்துவரின் நடைமுறையை மாற்றுவதில்லை என்று கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 1999-இல் காட்டினார்கள். மருத்துவர்கள் தாமே பங்கேற்று, விவாதித்து, செய்து பார்க்கும் பயிற்சிகளே மாற்றம் தந்தன.

ஆகவே எங்கள் புதன்கிழமைக் கூட்டத்தை மூன்று பகுதிகளாக அமைத்துக்கொண்டோம். முதலில், அந்த வாரத்தில் நோயறிதல் தாமதமான அல்லது எதிர்பாராத பாதிப்பு நேர்ந்த ஒரு நோயாளியைப் பற்றிய ஆய்வு. மரணம் நேர்ந்திருந்தால் அதையும் எடுத்துக்கொள்வோம். இதில் பயிற்சி மருத்துவர்களே முதலில் பேசுவர். மூத்தவர்கள் இறுதியில்தான் பேசலாம். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் இளையவர் வாய் திறப்பதில்லை என்பதை அனுபவத்தில் கண்டோம். இரண்டாவது, புதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, அது நம் நோயாளிகளுக்குப் பொருந்துமா என்று விவாதிப்பது. வேறு நாட்டில், வேறு உணவு உண்போரிடம், வேறு வசதிகளோடு நடந்த ஆய்வை அப்படியே இங்கே ஏற்க முடியாது. மூன்றாவது, எங்கள் சீட்டுகளை நாங்களே எடுத்துப் பார்ப்பது. இதில் செவிலியர்களும் மருந்தாளுநரும் அமர்கிறார்கள். ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயர்களில் இருமுறை எழுதப்பட்டிருப்பதை எங்களைவிட விரைவாகக் கண்டுபிடிப்பவர் மருந்தாளுநரே.

அனுபவம் மிக்க மருத்துவர் என்றால் நோயாளிகளுக்கு நம்பிக்கை வருவது இயல்பு. அனுபவத்திற்கு மதிப்பு உண்டு; அரிய நோயின் முகத்தை ஒரு முறை கண்டவர் மறவார். ஆனால் அனுபவம் மட்டும் போதாது. பணியாண்டுகளுக்கும் சிகிச்சையின் தரத்திற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த பல ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2005-இல் வெளியானது. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை, பணியாண்டுகள் கூடக்கூடச் சில அளவுகோல்களில் தரம் குறையக்கூடும் என்றே காட்டின. எங்களைப் போல் நாற்பதுகளில் இருப்போர் அதைப் படித்தபோது சற்று நெளிந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

விதியும் செலவும்

இது எங்கள் விருப்பத்தைப் பொறுத்தது மட்டும் அன்று. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வகுத்த நெறிமுறை விதிகள், மருத்துவர் ஒவ்வொருவரும் 5 ஆண்டுகளுக்கு 30 மணி நேரமாவது தொடர் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்று கூறுகின்றன. கணக்கிட்டால் மாதத்திற்கு அரை மணி நேரம்தான். அந்தக் குறைந்த அளவை எட்டிவிட்டதால் ஒருவர் எல்லாம் அறிந்தவர் ஆகிவிடமாட்டார். வருகைப் பதிவேடு ஒருவர் அமர்ந்திருந்ததைக் காட்டும், கற்றதைக் காட்டாது.

இந்தக் கல்விக்கு யார் செலவு செய்கிறார்கள் என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. மருந்து நிறுவனங்களிடமிருந்து மருத்துவர்கள் பரிசுப் பொருட்களும் பயண வசதிகளும் விருந்தோம்பலும் பெறுவதை 2009-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் தடை செய்தது. ஒரு மருந்தை விற்பவரின் செலவில் அந்த மருந்தைப் பற்றிக் கற்றால், அதன் நன்மை உரக்கவும் தீமை மெல்லவும் காதில் விழும். எங்கள் புதன்கிழமைக் கூட்டத்திற்கு எந்த நிறுவனத்தின் உதவியும் இல்லை. தேநீர்ச் செலவை எங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறோம்.

நீங்கள் செய்யக்கூடியவை

எங்கள் கல்வியில் உங்களுக்கும் பங்கு உண்டு. பெரியவரின் மகள் கேட்ட கேள்வி, ஒரு மாநாட்டு உரையைவிட விரைவாக எங்கள் வழக்கத்தை மாற்றியது. ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தயங்காமல் செய்யுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது, வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். வேறு மருத்துவர் எழுதியவை, கடையில் நீங்களே வாங்கிய வலி மாத்திரைகள், சித்த, ஆயுர்வேத மருந்துகள் ஆகியவையும் அதில் இருக்கட்டும். சீட்டில் இல்லாத ஒரு வலி மாத்திரையே சில வேளைகளில் குடற்புண்ணுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் காரணமாக இருக்கிறது.

ஒவ்வொரு மாத்திரையையும் எடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எதற்காக? இன்னும் எவ்வளவு காலம்? முன்பு எழுதிய காரணம் இன்றும் பொருந்துகிறதா? மூன்றாவது கேள்விக்கு உடனே விடை சொல்ல முடியாமல் நாங்கள் பதிவேட்டைப் புரட்டினால் கவலை கொள்ள வேண்டாம். அந்தப் புரட்டலுக்காகத்தான் அக்கேள்வி.

மருத்துவர் “எனக்கு இது உறுதியாகத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்றால் அவரைக் குறைவாக எண்ண வேண்டாம். அடுத்த முறை வரும்போது, பார்த்தாரா என்று மறவாமல் கேளுங்கள்.

சென்ற ஆண்டு சொன்னதற்கு மாறாக இந்த ஆண்டு சொன்னால், ஏன் மாறியது என்று கேளுங்கள். காரணம் கூறுவது எங்கள் கடமை. காரணம் கூற முடியாத மாற்றத்தை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

தாள் எழுதியவருக்கு

ஐயா, உங்கள் கேள்விக்கு எங்கள் விடை இதுதான்: பாடம் முடியவில்லை. உங்கள் துணைவியார் உட்கொள்ளும் மாத்திரைகளில் ஏதேனும் ஒன்றைப் பற்றி இந்த ஆண்டில் புதிதாக ஒன்று தெரியவந்தால், அது அவருடைய சீட்டுக்கு வந்து சேர வேண்டும். அதற்காகவே அந்த இரண்டு மணி நேரம் கதவை மூடுகிறோம்.

கதவு மூடியிருப்பதை, இரண்டு பேருந்துகள் மாறி வந்த பிறகு நீங்கள் அறிய நேர்ந்தது எங்கள் பிழை. இம்மாதம் முதல் உங்கள் முன்பதிவுச் சீட்டிலேயே புதன்கிழமை நேரம் அச்சிடப்படுகிறது. தொலைவிலிருந்து அந்நேரத்தில் வந்துவிடுவோரைப் பார்ப்பதற்கென ஒரு மருத்துவர் முறைவைத்து வெளியே இருப்பார். கூட்டத்தில் பேசியதை அவருக்கு மறுநாள் மற்றவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். அவசரப் பிரிவும் டயாலிசிஸ் பிரிவும் என்றும்போல் இடையறாது இயங்கும்.

அந்தப் பெரியவர் இன்றும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை வருகிறார். இப்போது சீட்டில் நான்கு மாத்திரைகள். மகள் பையைத் திறந்து மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எங்கள் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். நாங்களும் ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறோம்.